கையொப்பம் போதுமா?

அறுவை மருத்துவம் பயிலும் மாணவர் முதன்முதலாகக் கத்தியைக் கையில் எடுக்கும்போது, மேசைக்கு எதிர்ப்புறம் ஆசிரியர் நிற்கிறார். கத்தி எவ்வளவு ஆழம் இறங்குகிறது, எந்தப் பக்கம் சாய்கிறது என்பதைத் தம் கண்ணாலேயே பார்க்கிறார். தவறு நேரப்போகிறது என்று தோன்றினால் கை நீட்டித் தடுக்கிறார். 'அறுவையை நன்றாகவே செய்தேன்' என்று மாணவர் எழுதிக் கொடுக்கும் தாளைப் படித்துவிட்டு எந்த ஆசிரியரும் மதிப்பெண் போடுவதில்லை.

உளவியல் பயிலும் முதுநிலை மாணவரின் நிலை என்ன? அவருடைய கருவி பேச்சு. நோயாளி பேசுவதைக் கேட்பதும், தக்க நேரத்தில் தக்க கேள்வியைக் கேட்பதும், சில நேரம் பேசாமல் இருப்பதுமே அவர் செய்யும் அறுவை. இது பெரும்பாலும் கதவு சாத்திய அறைக்குள் நடக்கிறது. வெளியே வந்த பின்பு மாணவர் ஓர் அறிக்கை எழுதுகிறார். மேற்பார்வையாளர் அதைப் படிக்கிறார், சில கேள்விகள் கேட்கிறார், பதிவேட்டில் கையொப்பம் இடுகிறார். இத்தனை மணி நேரம், இத்தனை நோயாளிகள் என்று கணக்கு ஏறுகிறது. கணக்கு நிறைந்ததும் பயிற்சி முடிந்துவிடுகிறது.

இந்தப் பயிற்சியில் மேற்பார்வை என்று நாம் எதைச் சொல்கிறோம்? கையொப்பத்தையா, பார்வையையா? இக்கட்டுரையில் இந்த வினாவையே ஆராய விரும்புகிறோம். இது மாணவரை மட்டும் பொறுத்த செய்தியன்று. மன வேதனையோடு மருத்துவமனைப் படியேறும் ஒவ்வொருவரையும் பொறுத்த செய்தியாகும்.

பயிற்சி தோன்றிய வரலாறு

உளவியலைச் சோதனைக் கூடத்திலிருந்து மனிதரின் துன்பத்துக்கு அருகே கொண்டுவந்தவர்களுள் முதல்வராகக் கருதப்படுபவர் லைட்னர் விட்மர். அமெரிக்காவில் பென்சில்வேனியா பல்கலைக் கழகத்தில் 1896-ஆம் ஆண்டு அவர் ஓர் உளவியல் மருத்துவ நிலையத்தைத் தொடங்கினார். எழுத்துக்கூட்டிப் படிப்பதில் இடர்ப்பட்ட ஒரு சிறுவன்தான் அங்கு வந்த முதல் நோயாளி. விட்மரின் மாணவர்கள் இத்தகைய குழந்தைகளை நேரில் கண்டே பாடம் கற்றார்கள்.

ஐரோப்பாவில் பெர்லின் நகரில் 1920-இல் தொடங்கப்பட்ட உளப்பகுப்பாய்வு மருத்துவ நிலையம் மற்றொரு படியாகும். உளப்பகுப்பாய்வாளராக விரும்புவோர் பாடம் கேட்டால் மட்டும் போதாது, மூத்தவர் ஒருவரின் மேற்பார்வையில் நோயாளிகளுக்குச் சிகிச்சை அளித்துப் பழக வேண்டும் என்ற முறை அங்கு உருவாயிற்று. மாக்ஸ் ஐட்டிங்கான் என்பவர் அதில் முன்னின்றார்.

இரண்டாம் உலகப் போர் முடிந்தபோது, மனம் நொந்து திரும்பிய போர்வீரர்களைக் கவனிக்க அமெரிக்காவில் ஆள் போதவில்லை. ஏராளமான உளவியலாளர்களை விரைந்து உருவாக்க வேண்டியிருந்தது. அவர்களை எப்படிப் பயிற்றுவது என்பது பற்றி டேவிட் ஷாக்கோ தலைமையிலான குழு 1947-இல் அறிக்கை தந்தது. 1949-இல் கொலராடோ மாநிலத்தின் போல்டர் நகரில் கூடிய மாநாடு அதை ஒட்டி ஒரு கொள்கை வகுத்தது. மருத்துவ உளவியலாளர் ஒரே நேரத்தில் அறிவியல் ஆய்வாளராகவும் தொழில் வல்லவராகவும் இருக்க வேண்டும், அதற்கு மருத்துவமனையில் முழுநேரப் பயிற்சி இன்றியமையாதது என்பதே அது. இன்று உலகின் பல நாடுகளில் உள்ள பயிற்சித் திட்டங்கள் அந்தக் கொள்கையின் வழி வந்தவை.

நம் நாட்டிலும் இதற்கு நெடிய வரலாறு உண்டு. 1946-இல் வெளிவந்த போர் குழுவின் அறிக்கை மனநலப் பயிற்சி நிலையங்கள் வேண்டும் என்றது. 1954-இல் பெங்களூரில் அகில இந்திய மனநல நிலையம் தொடங்கப்பட்டது. பின்னாளில் நிம்ஹான்ஸ் என்று பெயர் பெற்றது அதுவே. அங்கு 1955-இல் மருத்துவ உளவியலுக்கான பட்டயப் படிப்பு ஆரம்பமாயிற்று. 1962-இல் ராஞ்சியிலும் இத்தகைய படிப்பு தொடங்கியது. காலப்போக்கில் பட்டயம் எம்.ஃபில். பட்டமாக மாறியது. 1992-ஆம் ஆண்டின் இந்திய மறுவாழ்வு மன்றச் சட்டம் இத்துறையில் பணிபுரிவோரைப் பதிவு செய்யும் முறையைக் கொண்டுவந்தது.

2017-ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டமும் மருத்துவ உளவியலாளர் என்பவர் யார் என்று விளக்கம் தருகிறது. மறுவாழ்வு மன்றம் ஏற்ற தகுதியை அது குறிப்பிடுகிறது. அத்தோடு, முதுகலைக்குப் பின் இரண்டாண்டு முழுநேர எம்.ஃபில். படிப்பையும், அப்படிப்பில் மேற்பார்வையுடன் கூடிய மருத்துவப் பயிற்சி அடங்கியிருக்க வேண்டும் என்பதையும் எடுத்துச் சொல்கிறது. ஆக, 'மேற்பார்வை' என்பது ஆசிரியர்களின் விருப்பத்துக்கு விடப்பட்ட அலங்காரம் அன்று. சட்டத்திலேயே இடம்பெற்ற சொல். அந்தச் சொல்லுக்குள் என்ன இருக்கிறது என்பதுதான் நம் கவலை.

ஒரு நேர்காணல்

ஒரு கற்பனைக் காட்சியை மனத்தில் கொண்டு வாருங்கள். மாவட்டத் தலைநகர் ஒன்றின் அரசு மருத்துவமனையில் புறநோயாளிப் பிரிவு. ஐம்பது வயது மதிக்கத்தக்க ஓர் அம்மாள் வந்திருக்கிறார். கணவர் இறந்து எட்டு மாதம் ஆகிறது. தூக்கமில்லை, பசியில்லை. எதிரே அமர்ந்திருப்பவர் பயிற்சி மாணவி.

"ராத்திரியில தூக்கம் வருதாம்மா?"

"எங்க கண்ணு வருது? வயித்துல என்னமோ பெரட்டிக்கிட்டே கெடக்கு. நான் இருந்து என்ன ஆகப்போகுது, சொல்லு."

"அப்படியெல்லாம் பேசாதீங்கம்மா. தைரியமா இருங்க. உங்களுக்குப் பசங்க இருக்காங்கல்ல?"

"இருக்காங்க."

"சாப்பாடெல்லாம் எப்படி இருக்கு?"

நேர்காணல் முடிந்தது. மாணவி நல்லவர், அக்கறை உள்ளவர், பாட நூல்களை ஐயமறக் கற்றவர். அன்று மாலை ஆங்கிலத்தில் அறிக்கை எழுதுகிறார். தூக்கக் குறைவு, பசியின்மை, சோர்ந்த மனநிலை எல்லாம் அதில் இருக்கின்றன. 'தற்கொலை எண்ணம்' என்ற தலைப்புக்கு நேரே 'தெரிவிக்கவில்லை' என்று எழுதுகிறார். மேற்பார்வையாளர் படிக்கிறார். அறிக்கை ஒழுங்காக இருக்கிறது. கையொப்பம் இடுகிறார்.

இதில் யார் பொய் சொன்னார்கள்? ஒருவரும் இல்லை. 'நான் இருந்து என்ன ஆகப்போகுது' என்பது கதவைத் தட்டும் ஒலி. மாணவிக்கு அந்தக் கணத்தில் அச்சம் வந்தது. வீட்டிலும் தெருவிலும் நாம் எல்லோரும் சொல்வது போலவே 'அப்படிப் பேசாதீங்க' என்று சொல்லிக் கதவைச் சாத்திவிட்டார். தாம் சாத்தியது அவருக்கே தெரியாது. தெரியாத ஒன்றை அவர் எப்படி அறிக்கையில் எழுதுவார்? எழுதாத ஒன்றை மேற்பார்வையாளர் எப்படிப் படிப்பார்?

'செத்துவிடலாம் என்று தோன்றுகிறதா?' என்று நேராகக் கேட்டால் இல்லாத எண்ணத்தை விதைத்ததாகி விடும் என்று பலர் அஞ்சுகிறார்கள். அவ்வாறு கேட்பதால் அந்த எண்ணம் தூண்டப்படுவதில்லை என்பதை ஆய்வுகள் காட்டியுள்ளன. கேட்பதே பாதுகாப்பு. மாணவி இதையும் படித்துத்தான் இருப்பார். ஏட்டில் படித்தது நாவுக்கு வந்து சேர வேண்டுமானால், தவறிய அந்த இடத்தில் ஒருவர் அவரைத் தடுத்து நிறுத்தியிருக்க வேண்டும்.

இங்கு மொழியும் ஒரு திரையாகிறது. அம்மாள் தமிழில் பேசினார். அதுவும் தம் வட்டாரத் தமிழில். 'வயித்துல பெரட்டிக்கிட்டே கெடக்கு' என்பது அறிக்கையில் வயிற்றுக் கோளாறாகவோ பதற்றமாகவோ மாறிவிடும். 'யாரோ செய்வினை வச்சுட்டாங்க' என்று ஒருவர் சொன்னால், அது ஊரார் எல்லோரும் நம்பும் நம்பிக்கையா, அவருக்கு மட்டும் தோன்றிய பிறழ் நம்பிக்கையா என்பது சொன்ன விதத்தில்தான் தெரியும். ஆங்கிலச் சுருக்கத்தில் அந்த விதம் மறைந்துவிடுகிறது. நோயாளி பேசிய சொற்களை அப்படியே தமிழில் எழுதி வைக்கும் வழக்கம் இருந்தால், மேற்பார்வையாளரிடம் பாதி நேர்காணலாவது வந்து சேரும். தமிழில் நோயாளியோடு பேசும் மாணவரிடம் தமிழில் குறிப்பெடுக்கச் சொல்வதைத் தகுதிக் குறைவு என்று எண்ணுவோர் இதைச் சிந்திக்க வேண்டும்.

சொல்வதும் நடப்பதும்

மாணவரின் வாய்மொழியை மட்டும் நம்பி நடக்கும் மேற்பார்வையில் எவ்வளவு விடுபடும்? அமெரிக்காவில் லடானி என்பவரும் அவருடைய துணைவர்களும் 1996-இல் ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். பயிற்சியில் இருந்த சிகிச்சையாளர்கள் 108 பேரிடம், மேற்பார்வையாளரிடம் சொல்லாமல் விட்டது ஏதேனும் உண்டா என்று கேட்டார்கள். உண்டு என்றவர்கள் 97 விழுக்காட்டினர். சிகிச்சையில் தாம் செய்த தவறுகளை மறைத்ததாகச் சொன்னவர்கள் 44 விழுக்காட்டினர். மதிப்பெண் போடுபவரிடமே குற்றத்தை ஒப்புக்கொள்ள எத்தனை பேர் துணிவார்கள்? இதில் வியப்பதற்கு ஒன்றுமில்லை.

மறைப்பவை ஒருபுறம் இருக்க, அறியாமல் விடுபவை இன்னும் பெரியவை. 2005-இல் வெளிவந்த மற்றோர் ஆய்வில், ஒரு பல்கலைக் கழக ஆலோசனை நிலையத்தின் சிகிச்சையாளர்களிடம் 550 பேரின் நிலையைக் காட்டி, இவர்களுள் யார் யார் சிகிச்சையின் முடிவில் முன்னிலும் மோசமாவார்கள் என்று கணிக்கச் சொன்னார்கள். அவர்கள் சுட்டிக்காட்டியது 3 பேரை. உண்மையில் நிலை மோசமானவர்கள் 40 பேர். தம் கண்முன் அமர்ந்திருப்பவர் சரிந்து கொண்டிருப்பது சிகிச்சையாளருக்கே தெரியவில்லை.

2012-இல் வெளிவந்த ஓர் ஆய்வு இதற்கு ஒரு காரணத்தைக் காட்டுகிறது. தனியே தொழில் நடத்தும் மனநலப் பணியாளர்கள் 129 பேரிடம், ஏனையோருடன் ஒப்பிட்டு உங்கள் திறமையை மதிப்பிடுங்கள் என்றார்கள். நால்வரில் ஒருவர் தம்மை முதல் பத்து விழுக்காட்டினருள் வைத்துக்கொண்டார். சராசரிக்கும் கீழே தம்மை வைத்தவர் ஒருவர்கூட இல்லை. தம் முதுகு தமக்குத் தெரியாது என்பது இதுதான். கற்றுத் தேர்ந்தவர்களுக்கே இந்த நிலையென்றால், நேற்று வந்த மாணவர் தம்மைப் பற்றித் தாமே எழுதும் அறிக்கைக்கு எவ்வளவு எடை கொடுக்கலாம்?

மணிக்கணக்கின் மயக்கம்

'இத்தனை நூறு மணி நேரம் நோயாளிகளோடு இருந்தால் அனுபவம் தானே வந்துவிடும்' என்பது நம் பயிற்சித் திட்டங்களின் அடியில் உள்ள நம்பிக்கை. இதுவும் சோதித்துப் பார்க்கப்பட்டிருக்கிறது. கோல்ட்பர்க் முதலானோர் 2016-இல் வெளியிட்ட ஆய்வு 170 சிகிச்சையாளர்களையும், அவர்களிடம் சிகிச்சை பெற்ற 6,591 நோயாளிகளையும் பல ஆண்டுகள் பின்தொடர்ந்தது. அனுபவம் கூடக் கூட, நோயாளிகள் அடையும் பயன் சராசரியாகக் கூடவில்லை. மிகச் சிறிய அளவில் குறையவே செய்தது. சிலர் முன்னேறினார்கள் என்பதும் உண்மை. ஆனால் ஆண்டுகள் மட்டுமே ஒருவரை வல்லவராக்கி விடவில்லை.

ஏன் அப்படி? சமையலை எடுத்துக்கொள்ளுங்கள். சாம்பாரில் உப்பு கூடிவிட்டால் அன்று மதியமே தெரிந்துவிடும். நாக்கு சொல்லும், வீட்டில் உள்ளவர்களும் சொல்வார்கள். மறுநாள் கை தானே அளவறிந்து போடும். இருபது ஆண்டு சமைத்தவர் வல்லவராவது இருபது ஆண்டு கழிந்ததனால் அன்று, நாள்தோறும் விளைவு தெரிந்ததனால். உளவியல் சிகிச்சையிலோ பலர் இரண்டு முறை வந்துவிட்டு நின்றுவிடுகிறார்கள். நலமாகி நின்றார்களா, வெறுத்து நின்றார்களா என்று யார் சொல்வது? இருட்டில் அம்பு எய்துவிட்டு, எங்கே தைத்தது என்று பாராமலே அடுத்த அம்பை எடுப்பது போன்றது இது. பத்தாயிரம் அம்பு எய்தாலும் குறி தவறுவது திருந்தாது. தவறான பழக்கம் கையில் ஊறிப்போகும்.

உளவியலாளர்கள் டேனியல் கானமேன், கேரி கிளைன் ஆகிய இருவரும் நெடுங்காலம் எதிரெதிர்க் கருத்து உடையவர்கள். அனுபவத்தால் வரும் உள்ளுணர்வை ஒருவர் ஐயுற்றார், மற்றவர் போற்றினார். 2009-இல் இருவரும் சேர்ந்து எழுதிய கட்டுரையில் ஒரு முடிவுக்கு வந்தார்கள். சூழலில் ஓர் ஒழுங்கு இருக்க வேண்டும். அந்த ஒழுங்கைக் கற்றுக்கொள்ள, செய்ததன் விளைவு விரைவாகவும் தெளிவாகவும் தெரிய வேண்டும். இவ்விரண்டும் இருந்தால்தான் அனுபவசாலியின் உள்ளுணர்வை நம்பலாம். மேற்பார்வையாளரின் வேலை இந்த இரண்டாவதை மாணவருக்குக் கொடுப்பதே. விளைவைத் தம் கண்ணால் காணாத மேற்பார்வையாளர் எதைக் கொடுக்க முடியும்?

மறுப்புகளும் விடைகளும்

இதற்கு எதிராகச் சொல்லத் தக்கவற்றையும் நேர்மையாகப் பார்க்க வேண்டும்.

முதலாவது, மேற்பார்வையால் நோயாளிக்குப் பயன் உண்டு என்பதற்கே சான்று குறைவு என்ற வாதம். 2016-இல் வெளிவந்த ஆய்வு ஒன்று, 23 மேற்பார்வையாளர்களின் கீழ்ப் பயின்ற 175 பயிற்சியாளர்களையும், 6,500-க்கு மேற்பட்ட நோயாளிகளையும் ஆராய்ந்தது. நோயாளிகள் அடைந்த மாற்றத்தில், மேற்பார்வையாளர் இன்னார் என்பதால் விளைந்த வேறுபாடு ஒரு விழுக்காட்டுக்கும் கீழே என்று கண்டது. இது மேற்பார்வை இருப்பதையும் இல்லாததையும் ஒப்பிட்ட ஆய்வன்று. மேற்பார்வையாளர்களை ஒருவரோடு ஒருவர் ஒப்பிட்டது. ஆயினும் இது நம்மைச் சிந்திக்க வைக்க வேண்டும். மறுபக்கம், ஆஸ்திரேலியாவில் பாம்பிளிங் முதலானோர் 2006-இல் வெளியிட்ட ஆய்வில், மனச்சோர்வு நோயாளிகள் 127 பேரைச் சீட்டுக் குலுக்குவது போலப் பிரித்து, மேற்பார்வை பெறும் சிகிச்சையாளர்களிடமும் பெறாதவர்களிடமும் அனுப்பினார்கள். மேற்பார்வை பெற்றவர்களின் நோயாளிகள் கூடுதலாக நலமடைந்தார்கள். ஆனால் அதிலும், சிகிச்சை தொடங்குமுன்பே ஒருமுறை மேற்பார்வை நடந்ததால், பயன் எதனால் வந்தது என்று பிரித்துச் சொல்வது கடினம். ஆக, மேற்பார்வை என்ற பெயர் இருந்தாலே நோயாளிக்கு நன்மை விளையும் என்று யாரும் அடித்துச் சொல்ல முடியாது. எத்தகைய மேற்பார்வை என்பதே கேள்வி. இந்த வாதம் நம் குறையை மறுக்கவில்லை; வலுப்படுத்துகிறது.

இரண்டாவது, நோயாளியின் அந்தரங்கம். 2017-ஆம் ஆண்டுச் சட்டம் மனநோயாளிக்கு இரகசியக் காப்பு உரிமை தந்திருக்கிறது. ஒலிப்பதிவு என்றால் நோயாளி அஞ்சமாட்டாரா? அஞ்சலாம். அதனால்தான் முன்கூட்டியே கேட்டு, எதற்காக என்பதை அவருக்குப் புரியும் மொழியில் சொல்லி, மறுக்கும் உரிமை உண்டு என்பதையும் தெரிவித்து, பயன்படுத்திய பின் பதிவை அழித்துவிட வேண்டும். மறுப்பவரிடம் பதிவு வேண்டாம். மேற்பார்வையாளர் அறையில் ஒரு மூலையில் உட்காரலாம். தம்முன் இருப்பவர் கற்றுக்கொண்டிருக்கும் மாணவர் என்பதை அறியும் உரிமையும் நோயாளிக்கு உண்டு. அதைச் சொல்லாமல் விடுவதைவிடப் பெரிய அந்தரங்கக் குறை வேறென்ன?

மூன்றாவது, ஆள் பற்றாக்குறை. 2015-16-இல் நடந்த தேசிய மனநல ஆய்வு, வயது வந்தோருள் 10.6 விழுக்காட்டினருக்கு ஏதேனும் ஒரு மனநலக் கோளாறு இருப்பதாகக் கண்டது. புறநோயாளிப் பிரிவின் நெரிசலில் மேற்பார்வையாளர் ஒவ்வொரு நேர்காணலிலும் எப்படி உட்கார முடியும்? முடியாது, தேவையும் இல்லை. ஒவ்வொரு மாணவருக்கும் வாரம் ஒரு நேர்காணலின் ஒரு பகுதியை, இருபது நிமிடமாவது, உண்மையாகக் கேட்டால் போதும். இருபது அறிக்கைகளைப் படித்துக் கையொப்பமிடும் நேரத்தில் இதைச் செய்யலாம்.

இது புதிய கருவியும் அன்று. கார்ல் ராஜர்ஸ் 1940-களின் தொடக்கத்திலேயே சிகிச்சை உரையாடல்களை இசைத்தட்டில் பதிந்து, மாணவர்களோடு அமர்ந்து கேட்டார். ஒரு நோயாளியுடன் நடந்த உரையாடல்கள் முழுவதையும் 1942-இல் வெளியிட்ட தம் நூலில் அச்சிட்டார். அதுவரை மூடியிருந்த அறையின் கதவு அன்று திறந்தது. இன்று ஒவ்வொரு மாணவரின் சட்டைப் பையிலும் ஒலிப்பதிவுக் கருவி இருக்கிறது. இல்லாதது கருவி அன்று. தம் தவறு பிறர் காதில் விழட்டும் என்ற துணிவுதான். அந்தத் துணிவை மாணவரிடம் மட்டும் எதிர்பார்ப்பது நியாயமன்று. ஆசிரியர் முதலில் தம் சொந்த நேர்காணல் ஒன்றை, அதன் தடுமாற்றங்களோடு, மாணவர்களுக்குக் கேட்கக் கொடுக்கட்டும்.

கோவாவில் ஒரு பாடம்

நம் நாட்டிலேயே இதைச் செய்து காட்டியவர்கள் இருக்கிறார்கள். கோவாவில் பத்து ஆரம்ப சுகாதார நிலையங்களில், கடுமையான மனச்சோர்வால் வருந்திய 495 பேரிடம் நடந்த ஓர் ஆய்வு 2017-இல் 'லான்செட்' மருத்துவ இதழில் வெளியாயிற்று. விக்ரம் பட்டேலும் அவருடைய குழுவினரும் நடத்தியது அது. சிகிச்சை அளித்தவர்கள் உளவியலாளர்கள் அல்லர். மனநலத் துறையில் பட்டம் எதுவும் பெறாத சாதாரண மக்கள். சில வார வகுப்பும், அதன்பின் பயிற்சிக் காலமும் அவர்களுக்குத் தரப்பட்டன. மூன்று மாத முடிவில், அவர்களிடம் சிகிச்சை பெற்றவர்களுள் 64 விழுக்காட்டினர் மனச்சோர்விலிருந்து மீண்டிருந்தார்கள். வழக்கமான கவனிப்பு மட்டும் பெற்றவர்களுள் மீண்டவர்கள் 39 விழுக்காட்டினர்.

இந்தப் பயன் முழுவதும் மேற்பார்வையால் வந்தது என்று சொல்ல முடியாது. சிகிச்சை முறையும் எளிதாக, தெளிவாக வகுக்கப்பட்டிருந்தது. ஆனால் அங்கே மேற்பார்வை நடந்த விதம் நம் கவனத்துக்கு உரியது. ஆலோசகர்கள் தங்கள் உரையாடல்களை ஒலிப்பதிவு செய்தார்கள். வாரந்தோறும் குழுவாகக் கூடி, ஒருவர் பதிவை மற்றவர்கள் கேட்டு, வரையறுத்த அளவுகோலின்படி மதிப்பெண் இட்டு, எங்கே நன்றாக இருந்தது, எங்கே நழுவியது என்று பேசினார்கள். மூத்த வல்லுநர் எந்நேரமும் உடனிருக்க வேண்டிய தேவை அங்கு எழவில்லை.

இதிலுள்ள முரணை எண்ணிப் பாருங்கள். பட்டமே இல்லாத ஒருவரின் பேச்சை வாரந்தோறும் காது கொடுத்துக் கேட்டார்கள். ஐந்தாறு ஆண்டுகள் உளவியல் படித்த மாணவரின் பேச்சை ஒருவரும் ஒருமுறைகூடக் கேட்காமலே சான்றிதழ் கிடைத்துவிடலாம். ஒரு மாத 'இன்டர்ன்ஷிப்' என்று பணம் கட்டிச் சேர்ந்து, கூடத்தின் ஓரத்தில் நின்று வேடிக்கை பார்த்துவிட்டுச் சான்றிதழோடு திரும்பும் முதுகலை மாணவர்களின் நிலை இன்னும் இரங்கத் தக்கது. அவர்களிடம் கற்றுக்கொள்ளும் ஆர்வத்துக்குக் குறைவில்லை. கற்றுக்கொடுப்பவர் பார்க்கவில்லை, அவ்வளவுதான்.

மாணவர் கேட்க வேண்டிய கேள்வி

எம்.ஃபில். பட்டத்தை நிறுத்துவது என்று பல்கலைக் கழக மானியக் குழு 2022-இல் விதி செய்தது. மருத்துவ உளவியலுக்கு 2025-26 கல்வியாண்டு வரை சேர்க்கைக்கு நீட்டிப்புத் தரப்பட்டது. அதன் இடத்தில் வேறு பெயர்களில் புதிய படிப்புகள் வருகின்றன. பட்டத்தின் பெயர் மாறும் இந்தக் காலம், பயிற்சியின் உள்ளடக்கத்தையும் மாற்ற நல்ல தருணம். பாடத்திட்டக் குழுக்கள் மணிக்கணக்கைக் கூட்டலாமா, குறைக்கலாமா என்று வாதிடுவதோடு நின்றுவிடக் கூடாது. பதிவேட்டில் இன்னும் ஒரு கட்டம் சேர்க்கட்டும்: 'இந்த நேர்காணலை மேற்பார்வையாளர் நேரில் கண்டாரா? பதிவில் கேட்டாரா? அறிக்கையை மட்டும் படித்தாரா?' கையொப்பம் அந்தக் கட்டத்துக்கு எதிரே விழட்டும். செலவில்லாத சீர்திருத்தம் இது. மூன்றாவது விடையே பக்கம் பக்கமாக நிரம்பினால், அது எவர் கண்ணுக்கும் படாமல் போகாது.

உளவியல் படிக்க விரும்பும் இளம் வாசகர்களுக்கும் ஒரு சொல். ஒரு படிப்பில் சேருமுன், 'எத்தனை மணி நேரப் பயிற்சி தருகிறீர்கள்?' என்று கேட்பதோடு நில்லாதீர்கள். 'நான் நோயாளியிடம் பேசுவதை எத்தனை முறை பார்ப்பீர்கள்?' என்று கேளுங்கள். முதல் கேள்விக்கு எல்லோரிடமும் அச்சிட்ட விடை இருக்கும். இரண்டாவதற்குத் தயங்காமல் விடை சொல்பவரே ஆசிரியர்.

நாம் கற்பனையில் கண்ட அந்த அம்மாளிடம் மீண்டும் வருவோம். அன்று மாலை மேற்பார்வையாளர் அறிக்கையைப் படிப்பதற்குப் பதிலாக அந்த நேர்காணலின் ஐந்து நிமிடத்தைக் கேட்டிருந்தால் என்ன நடந்திருக்கும்? "இந்த இடத்தில் ஏனம்மா பேச்சை மாற்றினாய்?" என்று கேட்டிருப்பார். "பயமாக இருந்தது, மேடம்" என்று மாணவி சொல்லியிருப்பார். "எனக்கும் முதலில் அப்படித்தான் இருந்தது. நாளைக் காலை அந்த அம்மாவை மறுபடி வரச் சொல். இந்த முறை நேராகக் கேள். நான் பக்கத்தில் இருக்கிறேன்" என்று அவர் சொல்லியிருப்பார்.

மேற்பார்வை என்ற சொல்லின் முழுப் பொருளும் அந்தக் கடைசி வாக்கியத்தில் அடங்கியிருக்கிறது.